ஒரு விரலால் பூட்டிய கதவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை ஓடவில்லை. உன் அப்பாவின் வலது மணிக்கட்டில் கட்டு, எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கோபம், வண்டி மட்டும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதில் எந்த மாற்றமும் இல்லை, கோபம் உன்மேல் மட்டும்தான், அதை அவர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடாதே. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை நான் குரலை உயர்த்தியதும் லைன் சரியில்லம்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். கடிதத்துக்கு லைன் கோளாறு வராது. பாதியில் மடித்து வைத்தாலும் மேசைமேலேயே கிடக்கும், நீ மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

போன வருடம் லீவில் வந்தபோது அம்மா இனிமேல் மழையில் இறங்கிக் கதவைத் தூக்கக் கூடாது என்று சொல்லி மோட்டார் வைத்த கராஜ் கதவை மாட்டிக்கொடுத்தாய். அழுத்தினால் திறக்கிறது, அழுத்தினால் மூடுகிறது, உன் போனிலும் அது தெரியும் என்று காட்டினாய், எதற்கடி என்று கேட்டதற்குப் பாதுகாப்புக்கு என்றாய். நான் பூரித்துப்போய்த் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு என் மகள் வாங்கிக்கொடுத்த கதவு என்று திறந்து திறந்து காட்டினேன். அந்தப் பாதுகாப்பு திருடனிடமிருந்து இல்லை, என்னிடமிருந்து என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. போன திங்கட்கிழமை நீ அங்கே உட்கார்ந்தபடி ஒரு விரலால் அந்தக் கதவைப் பூட்டினாய். அந்த விரல் இங்கே நாலு நாளில் என்னென்ன செய்தது என்று ஒன்று விடாமல் எழுதப்போகிறேன், உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்கிற மருந்துக்கடைப் பெண்ணுக்கு டெஸ்ட். அவளைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், நாற்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள், பதினோரு வருடமாகக் கல்லாவுக்குப் பின்னால் நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுவிட்டது. கடை முதலாளி வீடுவீடாக மருந்து கொண்டுபோகிற வேனை ஓட்ட ஆள் தேடுகிறார், உனக்கு லைசென்ஸ் இருந்தால் உனக்கே அந்த வேலை, உட்கார்ந்தே பார்க்கலாம், ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு தடவை டெஸ்டில் தோற்றவள், இரண்டு தடவையும் ரிவர்ஸில்தான். பயம். கண்ணாடியைப் பார்த்தாலே ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று மறந்துவிடுவாள். ஏழு மணிக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து வாசலில் நின்றாள். நான் பொத்தானை அழுத்தினேன். உள்ளே டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கதவு கல்லுளிமங்கன் மாதிரி நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி டிக். துணி துவைக்கிற அறை வழியாக கராஜுக்குள் போய் வண்டியைப் பார்க்கலாம், தொடலாம், ஏறி உட்காரலாம், வெளியே எடுக்கத்தான் வழியில்லை. மோட்டாரிலிருந்து தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்தால் கையால் தூக்கலாம் என்று நீ அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்து இழுத்தோம். நான், உன் அப்பா, அந்தப் பெண் மூன்று பேரும் குனிந்து தூக்கினோம், இரண்டு விரல் கனம் எழும்பி எதிலோ முட்டி நின்றுவிட்டது. அவள் அந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து அந்தச் சந்து வழியாக என்ன தடுக்கிறது என்று பார்த்தாள். இரண்டு பேருக்கும் பிரேக் இருக்கிற வண்டியில்தான் டெஸ்ட், அதுவும் மனுவில் எழுதிக்கொடுத்த வண்டியில்தான், வாடகைக் காரில் போய் இறங்க முடியாது. அதிகாரிக்குப் போன் செய்து கெஞ்சினேன், உங்க கதவு திறக்கலைங்கிறதெல்லாம் காரணமா டீச்சர் என்று சிரித்தார். எட்டே முக்காலுக்கு அவள் எழுந்து முழங்கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு பரவாயில்ல டீச்சர் உங்களுக்கு என்ன தெரியும் பாவம் என்று சொல்லிவிட்டு நடந்தே கடைக்குப் போனாள். சட்டையில் முதுகு முழுக்கத் தரைப் புழுதி.

சரி, அதுவரைக்கும் நீ பூட்டியது ஒரு தப்பு என்று வைத்துக்கொள்வோம். அன்று மத்தியானம் உனக்குப் போன் செய்தோமே, அதன் பிறகு நீ செய்ததை என்னவென்று சொல்வது? ஐயோ அப்படியா என்றாய். ரிமோட்டில் பேட்டரி மாற்றிப் பாருங்கள் என்றாய். மாற்றினோம். கதவின் அடியில் இரண்டு பக்கமும் இருக்கிற சின்னக் கண்களைத் துடைத்துப் பாருங்கள், ஒட்டடை மறைத்தால் வேலை செய்யாது என்றாய். நான் முட்டி போட்டு மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தேன், என் முட்டியைப் பற்றி உனக்குத் தெரியும். மெயின் சுவிட்சைப் பத்து நிமிடம் அணைத்துப் போடுங்கள் என்றாய். ஃபிரிட்ஜோடு சேர்த்து அணைத்துவிட்டு இரண்டு பேரும் சாயங்கால இருட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் அப்பாவைத்தான் தெரியுமே, முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவியவர், எதற்கும் ஒரு நோட்டு வேண்டும். பழைய நோட்டில் கோடு போட்டுச் சோதனை ஒன்று, பேட்டரி மாற்றம், கண்டறிந்தது டிக் ஒலி, முடிவு இல்லை, சோதனை இரண்டு, கண் துடைத்தல், முடிவு இல்லை என்று அழகாக எழுதிக்கொண்டே வந்தார். நடுவில் கிண்டல் வேறு, முதல் கதவை நீ வண்டியாலேயே இடிச்சே, அந்தக் கதை தெரிஞ்சுதான் இந்தக் கதவு உன்னைப் பார்த்தாலே கெட்டியா மூடிக்குது என்றார். நானும் சிரித்தேன். புதன்கிழமை நீ மோட்டார் பெட்டியில் என்ன நிறத்தில் விளக்கு எரிகிறது என்று பார்க்கச் சொன்னாய். எனக்குக் கண் தெரியாது என்று நீ நினைப்பதால் அப்பாவைப் பார்க்கச் சொன்னாய் போலிருக்கிறது. எழுபத்து நாலு வயது மனிதர் மடக்கு ஏணியில் ஏறினார், மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று உரக்கச் சொன்னார், நோட்டில் எழுதுகிற அவசரத்தில் இறங்கும்போது கடைசி இரண்டு படியைக் காணவில்லை. கையை ஊன்றி விழுந்தார். எலும்பு தப்பியது, சுளுக்குதான், மூன்று வாரம் கட்டு. அன்று சாயங்காலம் சொன்னபோது நீ போனில் அழுதாய், ஐஸ் வை அம்மா என்றாய். அழுத வாயால் ஒரு வார்த்தை, நான்தான் பூட்டினேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல உனக்கு முடியவில்லையா? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பெற்றவர்களையே தொட்டிலில் போட்டு ஆட்டிய பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை கதவு மெக்கானிக் வந்தார். நிதானமான மனிதர், கருவிப்பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. ஒரு தடவை அழுத்தச் சொன்னார், டிக் சத்தத்தைக் கேட்டார், நேராகப் போய்க் கதவு ஓடுகிற பக்கவாட்டுத் தண்டவாளத்தில் முழங்கால் உயரத்தில் இருந்த சோப்புக்கட்டி அளவுப் பெட்டியைத் தட்டினார். இது பழுதே இல்லம்மா, பூட்டு, யாரோ போன்ல பூட்டி வெச்சிருக்காங்க, வீட்டுல ஏதாவது சண்டையா என்று கேட்டார். நான் ஒட்டடைக் கதையைச் சொன்னேன். அந்தக் கண்ணு கதவு மூடறப்போ யாரும் அடியில மாட்டாம இருக்கறதுக்கும்மா, திறக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, யாரு உங்களைத் துடைக்கச் சொன்னாங்க என்றார். அந்த இடத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். படித்த பெண், கம்ப்யூட்டரில் வேலை, உனக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்னத் தாழ் இருந்தது, அவர் கட்டைவிரலால் தள்ளினார், கதவு சாதுவாக மேலே ஏறிக்கொண்டது. நாலு நாள் நாங்கள் மாரடித்த கதவு. உனக்குப் போன் செய்தேன். கொஞ்ச நாளைக்குத்தாம்மா, நேர்ல வந்து பக்குவமா பேசலாம்னு இருந்தேன், உனக்கு அறுபத்தெட்டு ஆச்சு, வாசல் கேட் தூண்ல வண்டியை இடிச்சுட்டியாமே, யார் மேலயாவது ஏத்திட்டா என்ன பண்றது என்றாய். அதற்கப்புறம்தான் லைன் சரியில்லாமல் போயிற்று. அந்த மெக்கானிக்கிடம் சொல்லி உன் போனோடு பேசுகிற ஒயரைக் கழற்றிவிட்டேன். உன் போனில் இனிமேல் கதவைக் காணவில்லை என்றால் பதறாதே, கதவு இங்கேதான் இருக்கிறது, திறந்து மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறது.

தூணில் இடித்த செய்தி உன் அத்தை வழியாக வந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நோட்டுப் போட வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை எதிர்வீட்டு மாடிப்படி ஏறினேன். என் நாத்தனார் நல்லவள்தான், ஆனால் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டவள், தெருவில் ஒரு இலை விழுந்தால்கூட அது எந்த மரத்தின் இலை என்று சொல்லிவிடுவாள். மறைக்காமல் ஒப்புக்கொண்டாள். உங்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவே, அதான் பொண்ணுகிட்டச் சொன்னேன், நீயே உன் வாயால நான்தான் இடிச்சேன்னு சொன்னியே என்றாள். ஆமாம், சொன்னேன். இப்போது கேள். தூணில் இடித்தது நான் இல்லை. அந்த மருந்துக்கடைப் பெண். டெஸ்டுக்கு மூன்று நாள் முன்னால் ரிவர்ஸ் எடுத்து எடுத்துப் பழகியவள், நான் ஸ்டியரிங்கைத் தொடாமல் விட்டிருந்தேன், அவளே கண்டுபிடிக்கட்டும் என்று, ஒரு நொடி என் பிரேக்கை மிதிக்கத் தாமதித்துவிட்டேன், பின்விளக்கு ஒன்று போயிற்று, செங்கல்லின் முனை பெயர்ந்தது. அவள் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்து அழுதாள். உன் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் நான் இறங்கிப்போய் என் கவனக்குறைவு, நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். இல்லையென்றால் கடைத்தெரு முழுக்க அது பரவி முதலாளி காதுக்குப் போய் அந்த வேன் வேலை அன்றைக்கே போயிருக்கும். முப்பத்தோரு வருடமாக என் வண்டியில் சட்டம் அதுதான், யார் ஓட்டினாலும் இடித்தது டீச்சர். அதனால்தான் என்னிடம் கற்றவர்கள் இரண்டாம் நாளும் பயப்படாமல் வருகிறார்கள். தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதில் உன்னைப் பலகையில் எழுதவைத்தது நான்தான். நீ விசாரித்தாயா? அந்த வாரம் போனில் கண் டாக்டரைப் பார்த்தியா அம்மா என்று மட்டும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகக் கேட்டாய். பார்த்தேன், போன மாதமே பார்த்தேன், கண்ணாடி போட்டால் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன், ரசீது அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்.

நீ பயந்தாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இங்கே எங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று நினைக்கிறவளுக்குத் தூக்கம் வராது, நானும் தாய்தான். ஆனால் ஒன்று தெரிந்துகொள். இந்த ஊரில் யாருக்கு ஓட்டக் கை இருக்கிறது யாருக்கு இல்லை என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே சொல்லிச் சாப்பிட்டவள் நான். என் கை போகிற நாள் வந்தால் அது முதலில் தெரியப்போவது எனக்குத்தான், அன்றைக்கு நானே சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்காருவேன். அப்படியும் உனக்குச் சந்தேகம் இருந்தால் என் எதிரில் வந்து நின்று அம்மா சாவியைக் கொடு என்று கேள். அதற்கு நெஞ்சில் தைரியம் வேண்டும், போன் போதாது. கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன், கத்தியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். கேட்காமல் பூட்டினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இவ்வளவு தாளும் செலவழித்தேன். உன் அத்தை உன்னிடம் தூணை மட்டும் சொல்லவில்லையாம், உங்கம்மா எப்பவும் இப்படித்தானே, அன்னிக்கு அந்த மரக்கதவை வண்டியால இடிச்சு உடைச்சவதானே என்றும் சொன்னாளாம். அதற்கு நீ ஆமாம் அத்தை என்றாயாம். உன் வாயாலா? உனக்குப் பத்தொன்பது வயது, மழை பெய்த ஞாயிற்றுக்கிழமை, ரிவர்ஸ் என்று நினைத்து முதல் கியரைப் போட்டு கராஜின் இடதுபக்கக் கதவை மொத்தமாகப் பெயர்த்தவள் யார்? அப்பா வருவதற்குள் என்னை ஒளித்துவிடு என்று என் முதுகுக்குப் பின்னால் நின்றவள் யார்? அன்றைக்கு அப்பாவிடம் நான்தான் இடித்தேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுப்பா தன் வீட்டுக் கதவை மட்டும் இடிப்பா என்று அவர் சொல்லிச் சிரிக்கிறார், நானும் கூடவே சிரிக்கிறேன், ஒரு நாளும் உன் பெயரைச் சொன்னதில்லை. உலகத்தில் வேறு யார் நான் இடித்தேன் என்று நம்பினாலும் நீ நம்பியிருக்கக் கூடாதடி. என் அம்மா இடித்தேன் என்று சொன்னால் பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டியவள் நீ ஒருத்திதான்.

மறு டெஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, காலை எட்டரை. அதுவும் போனால் அவளுக்கு வேன் இல்லை. கதவுக்கு என்ன ஆச்சு டீச்சர் என்று அவள் கேட்டபோது நான் எண்ணெய் போடாமல் விட்டுவிட்டேன், என் தப்புதான் என்று சொல்லிவிட்டேன். வாயில் ஊறிப்போன வார்த்தை, வந்துவிட்டது. உன் அப்பாவிடமும் அதையே சொன்னேன். மெக்கானிக் வந்தபோது அவர் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், ஒன்றும் தெரியாது. எழுந்ததும் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கோணல்மாணலாக நோட்டில் எழுதினார், சோதனை எட்டு, கதவு திறந்தது, காரணம் மனைவியின் கவனக்குறைவு. எழுதிவிட்டு அடிக்கோடும் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வரியை நான் திருத்தப்போவதில்லை.

மருந்துக்கடைப் பெண்ணின் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், டெஸ்டுக்கு முன்னால் நீயே அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல். அப்பா தினமும் நாலு மணிக்கு டீ குடித்துக்கொண்டு அந்த நோட்டைப் புரட்டுவார், அந்த நேரம் பார்த்துப் போன் செய், நான் எடுக்க மாட்டேன், அவர் எடுப்பார். இடது கைப்பக்கம் பேனா வைத்திருக்கிறேன். இந்தக் கதவையும் சொல், அந்தக் கதவையும் சொல், அவர் ஒன்றும் செய்ய மாட்டார், திட்டுவார், பிறகு எழுதிக்கொள்வார்.

குளிருக்குப் பேத்தியின் காதை மூடி அனுப்பு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், உன் மகள் உன்னைக் கேட்காமல் எந்தக் கதவையும் பூட்டாதவளாக வளர வேண்டும். இதைத் தபாலில் போட வண்டியை எடுத்துக்கொண்டு நானே போகிறேன்.

இப்படிக்கு,
கதவையும் தூணையும் இடிக்காத
உன் அம்மா